உறையில் அச்சிட்ட செலவுக் கணக்கு

பழைய பங்க் ராக் தட்டு சேகரிப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தட்டு கைக்கு வந்ததும் பாட்டைப் பற்றிப் பேச மாட்டார்கள். விளக்கடியில் சாய்த்துப் பிடித்து, கடைசிப் பள்ளத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையிலுள்ள வழவழப்பான வளையத்தில் எதையோ தேடுவார்கள். அங்கே கீறியிருக்கும் எண்தான் அது முதல் அச்சா, பின்னால் வந்த அச்சா, கள்ள அச்சா என்று காட்டிக் கொடுக்கும். சில ஆங்கிலேயத் தட்டுகளில் எண்ணோடு சேர்த்து ‘போர்க்கி’ என்ற பெயரும் இருக்கும். ஜார்ஜ் பெக்கம் என்ற தட்டு வெட்டும் கலைஞர் தன் கைவேலைக்கு இட்ட முத்திரை அது. அதைக் கண்டால் முகம் மலரும் கூட்டத்தில் நானும் ஒருவன்.

ஆனால் இந்தத் தட்டுகளைப் போட்டவர்கள் நம்மைப் படிக்கச் சொன்னது அந்த வளையத்தை இல்லை. சொல்ல வேண்டியதை உறையிலேயே எழுதி வைத்தார்கள்.

மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவையே எடுத்துக்கொள்வோம். 1976 டிசம்பர் 28ஆம் தேதி நான்கு பாட்டுகளை ஒரே அமர்வில் பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டவர் மார்ட்டின் ஹானெட். பின்னாளில் ஜாய் டிவிஷன் குழுவால் புகழ்பெறப் போகிறவர். கம்பெனி எதுவும் இவர்களைத் தேடி வரவில்லை; இவர்களும் போய்க் காத்திருக்கவில்லை. வீட்டாரிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்டு கடன் வாங்கினார்கள். நியூ ஹார்மோன்ஸ் என்று தங்களுக்கே ஒரு வெளியீட்டு லேபிளைத் தொடங்கி, 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ என்ற ஏழு அங்குலத் தட்டை 1,000 பிரதிகள் போட்டார்கள்.

அதன் உறையில் ஒவ்வொரு பாட்டுக்கும் நேராக ஒரு விவரம் இருக்கிறது. இது முதல் முறை வாசித்ததிலேயே சரியாக வந்தது, இது மூன்றாம் முறை, இதில் கிதார் மட்டும் பிறகு சேர்த்தது என்று. அன்றைய பெரிய ராக் குழுக்கள் மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் கிடந்து, அங்கே நடந்ததை மந்திர வித்தைபோல மூடி வைத்திருந்தன. பஸ்காக்ஸ் அந்தத் திரையை விலக்கி விட்டார்கள். இதில் வித்தை ஏதும் இல்லை, நான்கு பேர் ஒரு நாள் வாசித்தோம், அவ்வளவுதான் என்றது உறை. அந்த ஆயிரம் பிரதி சீக்கிரமே தீர்ந்தது. மறுபடி மறுபடி அச்சடித்து 16,000 வரை விற்றது.

அடுத்து வந்தவர்கள் இன்னும் வெளிப்படை. லண்டனின் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் அதே 1977இல் முதல் தட்டைத் தாங்களே போட்டார்கள். ஆன செலவு 153 பவுண்டு என்பதை அடுத்த தட்டின் உறையில் அச்சிட்டார்கள். 1978இல் ஸ்க்ரிட்டி பொலிட்டி ஒரு படி மேலே போனது. ஜெராக்ஸ் எடுத்து மடித்த உறை. அதில் ஒலிப்பதிவுக்கு இவ்வளவு, தட்டு அச்சடிக்க இவ்வளவு, லேபிளுக்கு இவ்வளவு என்று முழுக் கணக்கு. கைக்காசில் சிற்றிதழ் நடத்தி, கடைசிப் பக்கத்தில் வரவு செலவு போட்டவர்களுக்கு இந்த மனநிலை சட்டென்று பிடிபடும். இன்னது இவ்வளவில் முடியும் என்று தெரிந்தால், படிக்கிறவன் தானும் ஒன்று தொடங்குவான் என்ற நம்பிக்கை அது. நம்பிக்கை வீண்போகவில்லை. லண்டனில் 1976இல் திறந்த ரஃப் டிரேட் கடைக்கு இப்படி வீட்டிலிருந்து கிளம்பி வந்த தட்டுகள் குவிந்தன. சில ஆண்டுகளில் இத்தகைய தட்டுகளை நாடெங்கும் கொண்டுபோக ஒரு விநியோக வலையே உருவானது.

இப்போது சந்தைக்கு வருவோம். எவரும் போடலாம் என்று சொல்லிப் போட்ட தட்டு, இன்று எவருக்கும் கிடைக்காத தட்டு என்பதற்காகவே விலை போகிறது. அரிது என்ற ஒரே முத்திரையைச் சந்தை எல்லாவற்றுக்கும் குத்துகிறது. ஆனால் அரிதாகும் வழிகள் வேறுவேறு.

உலகிலேயே அதிகம் தேடப்படும் பங்க் தட்டுகளில் ஒன்று, ஏ அண்ட் எம் கம்பெனி அச்சிட்ட செக்ஸ் பிஸ்டல்ஸின் ‘காட் சேவ் தி குவீன்’. 1977 மார்ச் 10ஆம் தேதி பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் கேமராக்களுக்கு முன் ஒப்பந்தக் கையெழுத்து; 16ஆம் தேதி ஒப்பந்தம் ரத்து. அதற்குள் அச்சாகியிருந்த சுமார் 25,000 தட்டுகளைக் கம்பெனியே அழித்தது. தப்பியவை வெகு சில. மே மாதம் அதே பாட்டை வர்ஜின் கம்பெனி வெளியிட்டது. பிபிசி ஒலிபரப்ப மறுத்தும், அரசியின் வெள்ளி விழா வாரத்தில் அது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. வர்ஜின் தட்டு இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. ஏ அண்ட் எம் தட்டுக்குப் பல்லாயிரம் பவுண்டு கொடுக்கிறவர் வாங்குவது ஒரு கம்பெனியின் பயத்தை.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தி செயின்ட்ஸ் குழு 1976 செப்டம்பரில் ‘ஸ்ட்ராண்டட்’ தட்டைத் தன் சொந்த லேபிளில் 500 பிரதி போட்டது. இங்கிலாந்தின் முதல் பங்க் தட்டு என்று சொல்லப்படும் தி டாம்ட் குழுவின் ‘நியூ ரோஸ்’ வெளிவந்ததே அக்டோபரில்தான். முதலிலேயே ஐநூறு மட்டும் போட்டதால் அரிதானது செயின்ட்ஸ் தட்டு.

மூன்றாவது வழி வியாபாரிகளுடையது. 1977 பிப்ரவரியில் டாம்ட் குழுவின் முதல் ஆல்பத்தை ஸ்டிஃப் கம்பெனி வெளியிட்டபோது, முதலில் வந்த பிரதிகளின் பின்னட்டையில் வேறொரு குழுவின் படம் இருந்தது. தவறுக்கு வருந்துகிறோம் என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தது. தவறு வேண்டுமென்றே செய்தது. சேகரிப்பவர்கள் பின்னால் வரிசை கட்டுவார்கள் என்று ஸ்டிஃப் அன்றைக்கே கணித்துவிட்டது. அந்த வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். விலை கட்டுப்படியானால் நானும் நிற்பேன் என்பது வேறு விஷயம்.

தங்கள் தட்டுக்கு இந்தக் கதி வரக்கூடாது என்று கடைசிவரை மல்லுக்கட்டியவர்கள் கிராஸ் குழுவினர். அவர்களுடைய முதல் தட்டிலிருந்த ஒரு பாட்டைத் தெய்வ நிந்தனை என்று சொல்லி, அயர்லாந்தின் அச்சு ஆலைத் தொழிலாளர்கள் அச்சிட மறுத்தார்கள். பாட்டு இருந்த இடத்தை மௌனமாக விட்டு, அந்த மௌனத்துக்குப் ‘பேச்சுரிமையின் ஒலி’ என்று பொருள்படும் தலைப்பும் கொடுத்தது குழு. பிறகு சொந்த லேபிள் தொடங்கி, 1979இல் ‘ரியாலிட்டி அசைலம்’ தட்டின் உறையில், இதற்கு 45 பென்ஸுக்கு மேல் கொடுக்காதே என்று அச்சிட்டார்கள். கடைக்காரர் ஏமாற்றாமலிருக்க எழுதிய அந்த வரி, இன்றைய விற்பனைப் படங்களில், அதைப்போலப் பல மடங்கு விலைக்கு மேலேயே பளிச்சென்று தெரிகிறது. வாங்குகிறவரும் படிக்கிறார், விற்கிறவரும் படிக்கிறார். விலை மட்டும் இறங்குவதில்லை.

இந்த முரணைத் தீயால் தீர்க்கப் பார்த்தவர் ஜோ கோரே. செக்ஸ் பிஸ்டல்ஸின் மேலாளர் மால்கம் மெக்லாரனுக்கும் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டுக்கும் பிறந்தவர். பிஸ்டல்ஸின் முதல் தட்டு வந்து சரியாக நாற்பது ஆண்டான 2016 நவம்பர் 26ஆம் தேதி, 50 லட்சம் பவுண்டு மதிப்பு என்று தான் சொன்ன பங்க் சேகரிப்பைத் தேம்ஸ் நதியில் படகில் வைத்துக் கொளுத்தினார். பங்க் காட்சிப் பொருளாகிவிட்டது என்பது அவர் கோபம். கோபம் நியாயமானது. ஆனால் எரிப்பதால் மிச்சமிருப்பது இன்னும் அரிதாகும், விலை ஏறும். ஏ அண்ட் எம் கம்பெனியும் இதைத்தானே செய்தது?

என் அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் மறுபதிப்புகள். ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ 1979இல் மறுபதிப்பு கண்டபோது, அதற்குள் குழுவை விட்டு விலகியிருந்த பாடகர் ஹோவர்ட் டிவோட்டோவின் பெயரை உறையில் சேர்த்தார்கள். அந்தப் பெயர் இருந்தால் முதல் அச்சு இல்லை என்று விலை குறைத்துக் கேட்கலாம். பாட்டு அதே பாட்டு. எந்த முறை வாசித்தது என்ற விவரமும் அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் மறுபதிப்பைத்தான் சொல்வேன்.

முதல் அச்சு வைத்திருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தட்டைப் படமெடுத்து உலகுக்குக் காட்டும்போது, முன்னட்டையோடும் வளையத்து எண்ணோடும் நிறுத்திவிடாதீர்கள். செலவுக் கணக்கு இருக்கும் பக்கத்தையும் எழுத்து தெரியும்படி எடுத்துப் போடுங்கள். உங்கள் தட்டை வாங்க வசதியில்லாத ஒருவர் அதைப் படித்துவிட்டு, தன் பாட்டைப் பதிவு செய்ய எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அச்சடித்தவர்கள் அதற்காகத்தான் அச்சடித்தார்கள்.