கன்சோல் சென்னை வந்துடுச்சு... அக்கவுண்ட் இன்னும் அமெரிக்காவுல!

டல்லாஸில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு வேளச்சேரிக்கே திரும்புகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கார், சோபா, மைக்ரோவேவ் எல்லாம் அங்கேயே விற்றாச்சு. விற்க மனசு வராத ஒரே பொருள், பிஎஸ்5. டீ-ஷர்ட்டில் சுற்றி, ஹேண்ட் லக்கேஜில் பத்திரமாக வந்து சேர்கிறது. வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "அங்க 120 வோல்ட், இங்க 230. சொருகினா வெடிச்சிடாதா?"

பயப்பட வேண்டிய இடம் அது இல்லை. கன்சோலில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்தால் போதும். '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் டிரான்ஸ்பார்மர் எதுவும் தேவையில்லை. இன்றைய கன்சோல்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பிஎஸ்5-க்கு வேண்டியது, ஒரு முனை எட்டு வடிவில் இருக்கும் சாதாரண பவர் கார்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சல்லிசாகக் கிடைக்கும். அமெரிக்காவில் வாங்கிய எக்ஸ்பாக்ஸ் 360, வீ மாதிரி பழசுகளின் அடாப்டர்தான் ஆபத்து. 120 வோல்ட் மட்டும் என்று போட்டிருந்தால் கிட்டயே போகக்கூடாது.

கேம் டிஸ்க்கும் ஓடும். பிஎஸ்5 கேம்களுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. சினிமா டிஸ்க்குக்கு உண்டு: ப்ளூரேயில் அமெரிக்கா 'ஏ', இந்தியா 'சி'. ஆனால், இன்றைக்கு டிஸ்க் போட்டு யார் படம் பார்க்கிறார்கள்?

உண்மையான சிக்கல், வீட்டு டிவியில் பழைய பிளேஸ்டேஷன் அக்கவுண்ட்டில் லாகின் செய்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஸ்டோரில் விலை எல்லாம் டாலரில். இந்திய கார்டைப் போட்டால் பொதுவாக ஏற்காது. சரி, செட்டிங்ஸில் நாட்டை மாற்றலாம் என்று போனால், அந்த வசதியே இல்லை. அக்கவுண்ட் தொடங்கும்போது கொடுத்த நாடு கொடுத்ததுதான். இந்தியாவுக்கு வேண்டுமென்றால் புது அக்கவுண்ட் திறக்க வேண்டும். ஆறு வருஷம் வாங்கிச் சேர்த்த கேம்கள், டிராபிகள், வாலெட்டில் மிச்சமிருக்கும் டாலர் எதுவும் அதற்கு மாறாது.

இதற்கு கம்பெனி பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே கேம் நாட்டுக்கு நாடு வேறு விலை. இஷ்டத்துக்கு நாடு மாற்ற விட்டால், எங்கே சீப்போ அங்கே எல்லோரும் 'குடியேறி' விடுவார்கள். துருக்கி ஸ்டோரில் விலை குறைவாக இருந்தபோது அங்கே போலி முகவரியில் அக்கவுண்ட் திறந்தவர்கள் ஏராளம். ஆனால், அதற்காக நிஜமாகவே ஊர் மாறியவரையும் சேர்த்துப் பூட்டுவது என்ன லாஜிக்? எக்ஸ்பாக்ஸில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாட்டை மாற்றலாம். நின்டெண்டோவில் பேலன்ஸைச் செலவழித்துவிட்டால் மாற்றலாம் (இந்தியாவுக்கென்று ஈஷாப் இல்லை என்பது அங்கே தனிக் கதை). அடிக்கடி தாவுகிறவர்களைத் தடுக்க இவ்வளவு போதும் என்று போட்டிக் கம்பெனிகளே காட்டிவிட்டன. சோனிக்கு மட்டும் முடியாது என்பது நம்புகிற மாதிரி இல்லை. விசா முடிந்து திரும்புகிறவர், ஆன்சைட் போய் வருகிறவர் என லட்சக்கணக்கானோர் நாடு மாறும் காலத்தில், ஒருவர் சாகும்வரை ஒரே நாட்டில்தான் இருப்பார் என்று எழுதப்பட்ட விதி இது.

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் கேமை விற்கும்போது, கிடைப்பது லைசென்ஸ் மட்டும்தான் என்று கடை தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லிவிடுகிறார்கள், சரி. அந்த லைசென்ஸ் வாங்கியவரோடு ஊர் திரும்புமா என்பதை யார் சொல்வது?

இப்போதைக்கு வழி, ஒரே கன்சோலில் இரண்டு அக்கவுண்ட். அமெரிக்க அக்கவுண்ட்டில் 'கன்சோல் ஷேரிங்' ஆன் செய்துவிட்டால், அதில் வாங்கிய கேம்களைப் புது இந்திய அக்கவுண்ட்டிலிருந்தும் ஆடலாம். சேவ் ஃபைல் தனித்தனி என்பதால் பாதியில் விட்ட கேமைப் பழைய அக்கவுண்ட்டிலேயே முடிப்பது நல்லது. அமெரிக்க டிஸ்க்குக்கு இந்திய ஸ்டோரில் டிஎல்சி வாங்கினால் பெரும்பாலும் சேராது, காசு தண்டம். வாரன்ட்டியும் வாங்கிய நாட்டோடு சரி.

ஃபிளைட் ஏறுமுன் செய்ய வேண்டியது இன்னொன்று. லாகின் ஓடிபி அமெரிக்க மொபைல் நம்பருக்குப் போகிறதா என்று பார்த்து, ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றிவிட வேண்டும். அந்த நம்பரை கட் செய்த பிறகு ஞாபகம் வந்தால், சொந்த அக்கவுண்ட்டுக்குள் போகவே கஸ்டமர் கேரிடம் மன்றாட வேண்டியிருக்கும்.