வேட்டைக்கு ஆமிக் கலர் உடுப்பு எதற்கு?



"காட்டுக்குப் போறதென்டா இந்த உடுப்பு கட்டாயம் சேர்" என்கிறார்கள் எங்களிடம் படித்த பொடியன்மார். ஆமிக் கலர் சட்டையும் கையில் துவக்குமாக எடுத்த படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. நாங்கள் கேட்கிறோம்: யாரிடமிருந்து ஒளிக்க இந்த உடுப்பு?

மானிடமிருந்தா? மானின் கண் செம்மஞ்சளைப் பச்சையிலிருந்து நன்றாகப் பிரித்தறியாது. அதனால்தான் அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்காரர் பளிச்சென்ற செம்மஞ்சள் உடுக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மான் வெருளாது, மற்ற வேட்டைக்காரன் ஆளென்று கண்டு சுடாமல் விடுவான். மான் ஆளைப் பிடிப்பது வாடையாலும் அசைவாலும். எங்கட மூத்தவாப்பாமார் சாரத்தை மடித்துக் கட்டி, காற்றடிக்கும் பக்கம் பார்த்துத்தான் போனார்கள்.

ஆக, அந்த உடுப்பு மறைப்பது மனிதக் கண்ணுக்குத்தான். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானையும் மரையையும் பாதுகாக்கிறது. அப்படியென்றால் ஒளிப்பது வனஜீவராசிகள் அதிகாரியிடமிருந்து. அதற்குப் பெயர் வேட்டையல்ல, களவு. களவாகப் பிடித்ததை அறுத்துவிட்டு ஹலால் என்று பிள்ளைகளுக்கு ஊட்டலாமா?

பற்றைக்குள் அசைவைக் கண்டு சுடும் கூட்டாளிக்கும் உங்களைத் தெரியாது. 2019க்குப் பிறகு எங்கட வீடொன்றில் ஆமி உடுப்புக் கிடந்தால் என்ன கதை கிளம்பும் என்று சொல்லவும் வேண்டுமா?

வயலில் பன்றிக்குக் காவல் இருப்பவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. பெருமைக்கு உடுப்பவர்களைத்தான் சொல்கிறோம். பெற்றோரே, அந்த உடுப்புக்குக் காசு கொடுக்காதீர்கள். ஜனாஸா வந்த பிறகு அழுது பலனில்லை.