வைத்தியசாலை வாசலோடு முடியாத சிகிச்சை

பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்து ஒன்பதாம் நாள் கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு வான் பிடித்து வந்து சேர்ந்தேன். பகல் முழுக்கப் பயணம். இருமல் வரும்போதெல்லாம் ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிளந்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள்.

அரச வைத்தியசாலை. சத்திரசிகிச்சைக்கு என்னிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. இந்த நாட்டில் இன்னும் மிஞ்சியிருக்கும் நல்ல விடயங்களில் இலவச சுகாதாரம் ஒன்று. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று விளங்கியது. சத்திரசிகிச்சை அரசின் பொறுப்பு. அதற்குப் பின்னான மூன்று மாதங்கள் முழுக்க வீட்டாரின் பொறுப்பு.

நெஞ்செலும்பு பொருந்த ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும், சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். அதுவரை பாரம் தூக்கக்கூடாது, மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது, கையை ஊன்றி எழும்பக்கூடாது. கிணற்றில் அள்ளும் ஒரு வாளித் தண்ணீரே பத்துக் கிலோ வரும். குளிக்க வார்ப்பது, மருந்தை நேரம் பார்த்துத் தருவது, உப்பில்லாமல் தனியாகச் சமைப்பது எல்லாம் மனைவிதான். அவர் கூலி வேலைக்குப் போவதும் நின்றுவிட்டது. ஒருவர் படுத்தால் இரண்டு பேரின் வருமானம் போகிறது.

அடைபட்ட குழாய்க்கு மாற்றாக வைக்க, காலிலிருந்து ஒரு நாளம் எடுப்பார்கள். என் இடது காலைப் பார்த்த வைத்தியர் தழும்பைக் காட்டி என்னவென்று கேட்டார். 2009 இல் பட்ட செல் காயம் என்றேன். வேறொன்றும் கேட்காமல் வலது காலில் எடுத்தார்.

இரவில்தான் கஷ்டம். நெஞ்சு படபடத்து எழும்பினால், அது இதயத்தின் பிழையா, பழைய பயமா என்று எனக்கே தெரிவதில்லை. பதுங்குகுழியில் இருந்த நாட்களிலும் இப்படித்தான் அடித்தது. இதயச் சத்திரசிகிச்சைக்குப் பின் மனம் சோர்வது பலருக்கும் வருவது. போரைக் கடந்தவருக்கு அது இரட்டிப்பாக வரும். அதைப்பற்றி எவரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

எனக்காவது மனைவி இருக்கிறார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் இருந்த பெற்றோர் பலர் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பவர்களுக்கும் பிரஷர், சீனி, இதய நோய். அவர்களுக்கு இப்படி ஒரு சத்திரசிகிச்சை நடந்தால் யார் தண்ணீர் அள்ளிக் கொடுப்பது? வயது போன காலத்தில் தங்களைப் பார்க்கவேண்டிய பிள்ளைகளைத்தானே அவர்கள் தேடுகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ள வீடுகளுக்குக் காசு வரும். நடக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வராது.

மொழியும் ஒரு தடை. துண்டு வெட்டும்போது தந்த டயக்னோசிஸ் காட் ஆங்கிலத்தில் இருந்தது, விளக்கம் சிங்களத்தில் வந்தது. எனக்குப் பாதிதான் விளங்கியது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எந்தக் குளிசையை நிறுத்தக்கூடாது என்ற ஒரு வரி தமிழில் இல்லாவிட்டால், அந்தச் சட்டத்தால் ஒரு நோயாளிக்கு என்ன பயன்?

சத்திரசிகிச்சைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம். அஸ்வெசுமவில் சிறுநீரக நோயாளருக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு. நெஞ்சைப் பிளந்து வந்து மூன்று மாதம் உழைக்க முடியாதவருக்கு அப்படி ஒன்று இல்லை. அந்த மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிகக் கொடுப்பனவு பெரிய கோரிக்கை அல்ல. முதல் இரண்டு வாரத்தில் பொதுச் சுகாதாரத் தாதி ஒருவர் வீட்டுக்கு வந்து காயத்தைப் பார்ப்பதும், தமிழில் ஒரு பக்க அறிவுறுத்தல் தருவதும், கிளினிக்கை மாவட்ட வைத்தியசாலைக்கு மாற்றிக் கொடுப்பதும் புதிய கட்டடம் எதுவும் கேட்காத வேலைகள். வடக்கு மாகாண சுகாதாரத் துறை மனம் வைத்தால் இவற்றில் பெரும்பகுதியை நாளைக்கே தொடங்கலாம்.

அதுவரை, என்னைப்போல வீட்டில் படுத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். காய்ச்சல் வந்தால், காயத்தில் சீழ் வடிந்தால், நெஞ்செலும்பு அசைவதுபோலத் தெரிந்தால், ஓரிரு நாளில் நிறை திடீரென ஏறினால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல் என்றால் உடனே 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கிளினிக்கில் மருந்து இல்லை என்றால் இல்லாமலே இருந்துவிடாதீர்கள், வைத்தியரிடம் கேட்டு வெளியிலாவது வாங்குங்கள். ஐந்து நிமிடம் என்றாலும் தினமும் நடவுங்கள்.

நான் இப்போது படலைவரை போய்த் திரும்புகிறேன். அடுத்த கிழமை ஒழுங்கை முடியும்வரை போகலாம் என்று நினைக்கிறேன். மனைவி பின்னால் வருகிறார்.