போலி நகை என்னும் பெயர்

பொன்னும் மணியுமின்றிக் கண்ணாடியாலும் பித்தளையாலும் இயற்றப்படும் அணிகளைப் 'போலி நகை' என ஒரே சொல்லாற் புறந்தள்ளுதல் நம்மவர் வழக்கம். அப்பெயர் அவற்றிற்குப் பொருந்தாது என்பதே யாம் ஈண்டுக் கூறக் கருதுவது.

பிறரை ஏமாற்றும் பொருட்டுச் செய்யப்படுவதன்றோ போலி? 18-ஆம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரில் வாழ்ந்த ஜார்ஜ் பிரெடெரிக் ஸ்ட்ராஸ் என்பார், ஈயங் கலந்த கண்ணாடியை வைரம்போல் ஒளிரச் செய்து பெரும் பொருளீட்டினார்; 1734-இல் அரச நகைவினைஞராகவும் நியமனம் பெற்றார். இன்றும் பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் அக்கல்லுக்கு அவர் பெயரே பெயர். செம்பும் துத்தநாகமும் சேர்த்துப் பொன்னிற உலோகங் கண்ட இலண்டன் கடிகார வினைஞர் கிறிஸ்டபர் பின்ச்பெக் 1732-இல் இறந்தார். அவர் பெயரோ நாளடைவில் ஆங்கிலத்தில் இகழ்ச்சிச் சொல்லாயிற்று. தொழில் ஒன்றாயிருக்க, ஒருவர்க்குப் புகழும் மற்றவர்க்கு வசையும் வாய்த்தவாறு என்னே!

இத்தொழிலின் பெருமையை அறிய விரும்புவோர் பொஹீமியாவிலுள்ள கப்லான்ஸ் என்னும் ஊரின் வரலாற்றை நோக்குக. அங்கே மணி கோப்பாரும் கண்ணாடி அறுப்பாரும் மெருகிடுவாருமாகக் குடும்பங்கள் பல தத்தம் இல்லத்திலிருந்தே உழைத்தன. முதல் உலகப் போருக்கு முன்னர் நம் நாட்டு மகளிர் அணிந்த கண்ணாடி வளையல்களுள்ளும் அவ்வூர்ப் பக்கத்தினின்று கப்பலேறி வந்தவை மிகப்பல. 1945-இல் போர் முடிந்தபின் அப்பகுதி ஜெர்மானியர் நாடு கடத்தப்பட்டனர். எடுத்துச் செல்ல முடிந்த பொருள் சிறிதே. கைத்திறனை மட்டும் எவராலும் பறிக்க முடியவில்லை. பவேரியாவில் காவ்ப்பாய்ரன் நகரை அடுத்து, பாழ்பட்டுக் கிடந்த வெடிமருந்துத் தொழிற்சாலை நிலத்தில் 1946 முதல் அவர்கள் குடியேறினர். பிறர் எறிந்த தகரக் குவளைகளை வெட்டியும் அணிகள் செய்தனர் என்பர். அக்குடியிருப்பு இன்று நாய்கப்லான்ஸ், அதாவது புதிய கப்லான்ஸ், என வழங்குகின்றது. இவர்தம் உழைப்பைப் போலி யென்பார் யார்?

பொன் ஆபத்துக்கு உதவும், கண்ணாடி உதவுமோ என வினவுவாரும் உளர். உதவாதுதான், அடகு பிடிப்போர் பித்தளையைத் தொடவும் மாட்டார். ஆயின் சேமிப்பு வேறு, அழகு வேறு. இரண்டையும் ஒரே கழுத்திற் சுமத்துவதாலன்றோ மணவீடுகளிற் கடன் பெருகுகின்றது! செல்வத்திற் குறைவில்லாத கோகோ ஷனேல் அம்மையாரே 1920-களில் மெய்ம்முத்தோடு செயற்கை முத்தையும் கலந்தணிந்தார், நாணினாரில்லை.

ஜாக்குலின் கென்னடி அம்மையார் அணிந்திருந்த மூவடச் செயற்கை முத்துமாலை 1996-இல் நியூயார்க் நகரில் ஏலத்திற்கு வந்தது. முத்து மெய்யன்று என்பதை அறிந்தே கேட்டனர். 2,11,500 டாலருக்கு விலைபோயிற்று.