நீலப் பட்டையும் நிலத்தின் கணக்கும்

விளையாட்டு வடிவமைப்புப் பயிலும் நம் மாணவர்கள் படைக்கும் மாய உலகங்கள் பலவற்றில் திரையின் ஓரத்தில் ஒரு நீலப் பட்டையைக் காண்கிறேன். மந்திரத்தை ஏவினால் அது குறையும். சற்று ஓய்ந்திருந்தால் நிறையும். அதற்கு ‘மானா’ என்று பெயர். சண்டையை மட்டுமே கருதிய விளையாட்டுக்கு இது போதும். ஊர், வேளாண்மை, வணிகம், குடிப்பெயர்வு ஆகியவற்றையெல்லாம் கணித்துக்காட்ட முனையும் சிமுலேஷன் விளையாட்டுக்கு இது போதாது என்பது என் கருத்து. அத்தகைய உலகில் மந்திரத்தின் விலையை ஏவியவர் மட்டும் செலுத்தித் தீர்ப்பது பொய்க்கணக்கு.

‘மானா’ பசிபிக் தீவுகளின் சொல். 1891இல் காட்ரிங்டன் மெலனீசியர் குறித்து எழுதிய நூலின் வழியே அது மானிடவியலில் பரவலாயிற்று. அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவென் 1969இல் வெளியான ஒரு சிறுகதையில் அதைச் செலவழிந்து தீரும் வளமாக ஆக்கினார். கவனிக்க வேண்டியது, அவர் கதையில் மானா நிலத்துக்குரியது என்பதே. ஓரிடத்தில் மந்திரம் மிகுதியாகப் பயன்பட்டால் அவ்விடம் வறளும்; பின்னர் அங்கே எவருடைய மந்திரமும் பலிக்காது. பிற்கால விளையாட்டுகளில் சொல் நிலைத்தது, நிலம் விடுபட்டது. பொதுவளம் தனியொருவரின் உடலுக்குள் புகுந்து, ஓரிரவு உறங்கினால் ஊறிவிடும் சொத்தாயிற்று. 1991இல் வெளிவந்த ‘டார்க் சன்’ போன்ற விதிவிலக்குகள் உண்டு. அதில் மந்திரம் செடிகொடிகளின் உயிரை உறிஞ்சி மண்ணைச் சாம்பலாக்கும்.

நிவெனின் கருத்தை விரித்தெடுக்க இந்தியாவில் இருப்போருக்கு நூலகம்கூட வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணறு போதும். உலகிலேயே மிகுதியாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு நம்முடையது. ஒருவர் ஆழமாகத் துளையிட்டு இறைத்தால் அண்டையாரின் ஆழமற்ற கிணறு முதலில் வற்றும். மேலும் ஆழப்படுத்தப் பணமுள்ளவர் தப்புவார். மற்றவர் தண்ணீரை விலைக்கு வாங்குவார் அல்லது நிலத்தைத் தரிசாகப் போடுவார். இழப்பு நிகழும் இடமும் பயன் விளையும் இடமும் வேறு, காலமும் வேறு.

இதை விதியாக மாற்றுவது கடினமன்று. வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாயமட்டமும் மெதுவான ஊற்றுவீதமும் கொடுக்கலாம். ஒரு கட்டம் வற்றினால் அடுத்த கட்டத்திலிருந்து சிறிதளவு கசிந்து வரட்டும். பெருமந்திரங்கள் ஆழத்திலிருந்தும் இழுக்க வல்லவை. காய்ச்சலுக்கு மந்திரிக்கும் நாட்டு மருத்துவச்சிக்கு மேல்மட்டம் மட்டுமே எட்டும். தலைநகரின் மாயக்கோபுரம் ஒளிரத் தொடங்கிய சில ஆண்டுகளில், யாரோடும் பகையில்லாத அந்த மருத்துவச்சியின் மந்திரம் பலிக்காமற்போகும். அதற்கெனத் தனிக் கதை எழுத வேண்டியதில்லை. விதிகளே அதை விளைவிக்கும். சிமுலேஷனின் உண்மையான வலிமை இதுதான் என்று எண்ணுகிறேன்.

விலை கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஆடுபவர் சலிப்படைவார் என்பது நியாயமான மறுப்பு. ஆகவே அறிகுறிகள் வேண்டும்: மங்கும் விளக்கு, பிந்தும் குணம், ஊரைவிட்டுப் புறப்படும் குடும்பம். அவற்றைக் கண்டபின் ஆடுபவர்கள் கூடி விதிசெய்யவும் இடமளிக்க வேண்டும். பஞ்சாப் 2009இல் இயற்றிய சட்டம், குறிப்பிட்ட நாளுக்கு முன் நெல் நாற்று நடுவதைத் தடுத்தது. கடுங்கோடையில் இறைப்பைக் குறைப்பதே நோக்கம். பருவத்துக்கு முன் இன்ன மந்திரம் கூடாதென்ற ஊர்க்கட்டுப்பாட்டை விளையாட்டுக்குள் ஏன் வைக்கக்கூடாது? எலினார் ஆஸ்ட்ரமின் முனைவர்பட்ட ஆய்வே கலிபோர்னியாவின் நிலத்தடி நீர்ப்படுகை ஒன்றைப் பற்றியதுதான். பொதுவளம் அழிந்தே தீரும் என்ற முடிவை விதிகளிலேயே எழுதிவிடுகிற வடிவமைப்பாளர், அவர் கண்டறிந்ததைப் படிக்காதவராகவே இருப்பார்.

நம் மாணவர்கள் இதிகாசங்களிலிருந்து அஸ்திரங்களின் பெயர்களை மட்டும் எடுத்து நீலப் பட்டையின்மீது ஒட்டுவதுதான் எனக்கு வருத்தம். பாரதத்தில் அசுவத்தாமனுக்கு அஸ்திரத்தை ஏவத் தெரியும், மீட்கத் தெரியாது. அவன் அதைத் திருப்பிவிட்டது உத்தரையின் கருவை நோக்கி. எந்தப் பட்டையிலும் அடங்காத கணக்கு அது. அடுத்த பருவத்தில் விளையாட்டுத் திட்டப்பணி செய்யவிருப்போர், மந்திரங்களின் பட்டியலைத் தொடங்குமுன் அக்கணக்குக்கு ஒரு விதி எழுதிப் பார்க்கட்டும்; எழுதியவர்கள் கீழே பகிர்ந்தால் விவாதிக்கலாம்.