மதிலுக்குக் கிரயப் பத்திரம் உண்டா?

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் அநேகமாகப் பெருமூச்சு விட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். ராஜேந்திரன் எங்கே, அவன் மாளிகை எங்கே, இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழர்களுக்குத் தலைநகராயிருந்த பட்டணம் இன்று ஒரு கிராமமாய்ச் சுருங்கிவிட்டதே, எல்லாம் காலத்தின் கோலம்! சரித்திர நாவல் படித்துப் பழகிய நமக்கு இந்தப் பெருமூச்சு மிகவும் பிடிக்கும். எனக்கு மட்டும் பிடிப்பதில்லை. பழியைக் காலத்தின் தலையில் போட்டுவிட்டால், செய்த ஆள் சாவகாசமாகத் தப்பித்துக்கொள்கிறான்.

அந்தக் கோயில் மதிலைக் காலம் தின்னவில்லை. கும்பினி சர்க்காரின் என்ஜினீயர்கள் இடித்தார்கள். 1836-இல் ஆர்தர் காட்டன் துரை கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது கல் தேவைப்பட்டது. காவிரிச் சமவெளியில் வண்டல் கிடைக்கும். கல்லுக்கு எங்கே போவது? சில மைல் தூரத்தில், எண்ணூறு வருஷத்துக்கு முன்பே வெட்டிச் செதுக்கி அடுக்கிவைத்த கல் தயாராக நின்றது. மதிலை இடித்தார்கள். கோபுரத்தையும் இடித்தார்கள். இன்று போகிறவர்கள் அங்கே காண்பது கோபுரத்தின் அடிப்பகுதியை மட்டுமே.

இவ்வளவும் எல்லாரும் அறிந்ததுதான். சொல்ல மறந்துவிடும் பாதி ஒன்று இருக்கிறது. ஊர் ஜனங்கள் குறுக்கே வந்து நின்று தடுத்தார்கள். தங்களால் ஆனமட்டும் தடுத்துப் பார்த்தார்கள். பலன்? சர்க்காரை அவமதித்தார்கள் என்று அவர்களுக்குத் தண்டனை! 1855-இல் வெளியான ஓர் ஆங்கிலக் குறிப்பு இதைச் சொல்லுகிறது. அதை எழுதியவர், அந்தக் கட்டடத்தின்மேல் சர்க்காருக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிட்டார். எடுத்த கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தார்களாம். அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை என்று அவரே வருத்தத்தோடு முடிக்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோயில்களையும் அவற்றின் மானியங்களையும் யாரும் அபகரிக்காமல் மேற்பார்வை பார்க்கிறோம் என்று 1817-ஆம் வருஷத்து ஏழாவது ரெகுலேஷன் போட்டவர்களும் இதே கும்பினியார்தான். அதாவது, காவலுக்கு வந்து சரியாகப் பத்தொன்பது வருஷத்தில் காவல்காரனே கடப்பாரையை எடுத்தான். நம் நாட்டுச் சட்டத்தில் கோயில் சொத்து சாமியுடையது. சாமியோ என்றைக்கும் மைனர். மைனர் சொத்தைக் கார்டியன் விற்றால் கோர்ட்டுக்குப் போகலாம். விற்காமலே பெயர்த்துக்கொண்டு போனால்?

“அணையால் எத்தனை ஆயிரம் ஏக்கர் விளைந்தது, அதைப் பார்க்கவேண்டாமா?” என்று கேட்பார்கள். பார்க்கிறேன். அந்த அணையிலிருந்துதான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. 2004-இலிருந்து அந்த ஏரித் தண்ணீர் சென்னைக்கும் வருகிறது. ஆகவே குழாயைத் திறக்கிற பட்டணத்துவாசிக்கும் இந்தக் கல்லில் பங்குண்டு. அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன் கோயிலைக் கொடுத்து ஊரான் வயலுக்குத் தண்ணீர் விட்ட ஜனங்களுக்கு நன்றி கிடைக்கவில்லை, தண்டனை கிடைத்தது என்பதுதான் என் வழக்கு.

ராஜேந்திரன் மட்டும் யோக்கியனா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாளுக்கிய நாட்டிலிருந்தும் கலிங்கத்திலிருந்தும் அவன் படை தூக்கிவந்த சிலைகள் இன்றும் அந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கின்றன. கொள்ளை கொள்ளைதான். ஆனாலும் அவன் கொண்டுவந்த சூரியனையும் துர்க்கையையும் கோயிலில் வைத்துக் கும்பிட்டான். உடைத்து அணைக்கு ஜல்லி போடவில்லை. வெள்ளைக்காரனை மட்டும் ஏசிவிட்டு நாம் நழுவவும் முடியாது. மாளிகைமேட்டில் புதைந்திருந்த அரண்மனைச் செங்கல்லைத் தோண்டி எடுத்து வீடு கட்டிக்கொண்டவர்கள் நம்மவர்களே.

சரி, இப்போது அது யாருடையது? கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில். பூஜை அறநிலையத் துறையின் கையில். மாளிகைமேட்டில் அகழாய்வு நடத்துவது மாநிலத் தொல்லியல் துறை. 2004-இல் யுனெஸ்கோவும் உலகப் பாரம்பரியச் சின்னமென்று பட்டம் சூட்டியாயிற்று. ஊரானுக்கு? 1958-ஆம் வருஷச் சட்டத்தின் பதினெட்டாவது பிரிவு, பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குள் போக ஜனங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் அது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவனுக்கு எழுதினது. அங்கேயே குடியிருக்கிறவனை எட்டுவது 2010-இல் வந்த திருத்தம். சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. ஒழுகுகிற வீட்டைப் பழுது பார்ப்பதற்கும் அனுமதி வாங்கவேண்டும். விதி தவறென்று நான் வாதிக்க வரவில்லை. அது இல்லாவிட்டால் விமானத்தை ஒட்டியே லாட்ஜ் கட்டிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்று தடுக்கப் போனதற்குத் தண்டனை, இன்று பக்கத்தில் பிறந்ததற்குக் கட்டுப்பாடு என்றால், அந்த ஊரானுக்கு யாரேனும் ஒரு வார்த்தை சொல்லவேண்டாமா?

செங்கல் மதில் கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. ராஜேந்திரன் கட்டியதுபோல் தோன்ற ஒரு போலி மதிலை எழுப்பி, காண்டிராக்டருக்குப் பணம் கொடுப்பதைவிட, இடிந்தது இடிந்தபடி நிற்பதே சத்தியம். நான் கேட்பது இரண்டு கல்வெட்டு. ஒன்று அணைக்கரையில், மற்றொன்று கோபுரத்தின் அடிப்பகுதிக்கு அருகில். இந்த அணையில் இருப்பது எந்தக் கோயிலின் கல், எந்த வருஷம் எடுத்தது, யார் தடுத்தார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது, எந்த வாக்கு நிறைவேறவில்லை என்று அதில் எழுதவேண்டும். தமிழில், முதலில், பெரிய எழுத்தில்.