நாற்பத்திரண்டாம் எண்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் ஆட்டம் பேஸ்பால் என்னும் தளப்பந்தாட்டமாகும். ஒருவர் பந்தை எறிவார்; மற்றொருவர் உருண்டைக் கட்டையால் அதனை அடிப்பார். அடித்தவர் மூன்று தளங்களையும் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே மீள்வாராயின் ஓர் ஓட்டம் பெறுவார். கிரிக்கெட்டை அறிந்தார்க்கு இதனை விளங்கிக்கொள்வது அரிதன்று. ஆடுவோர் அனைவர்க்கும் வெளிப்படையாக ஊதியம் அளித்த முதற்குழு 1869ஆம் ஆண்டில் சின்சின்னாட்டி நகரில் தோன்றியது. இவ்வாட்டத்தார் ஒவ்வோர் அடியையும் ஒவ்வோர் ஓட்டத்தையும் எண்ணிப் பதிந்து வைக்கும் திறத்தைக் கண்டால் கைதேர்ந்த கணக்குப் பிள்ளைகளும் நாணுவர்.

அக்கணக்கேட்டில் புகழ்பெற்ற எண்கள் பல உள. பந்தை எல்லைக்கப்பால் அடித்து முழுச்சுற்று ஓடுவதை 'ஹோம் ரன்' என்பர். பேப் ரூத் அதனை 714 முறை செய்தார். ஜோ டிமாஜியோ 1941ஆம் ஆண்டில் தொடர்ந்து 56 ஆட்டங்களில் தவறாது பந்தடித்துத் தளம் சேர்ந்தார். லூ கெரிக் ஓர் ஆட்டமும் விடாது 2,130 ஆட்டங்கள் ஆடி, கொடிய நோயால் தளர்ந்து, 1939 ஜூலை 4ஆம் நாள் கண்ணீர் மல்கிய மக்களிடம் விடைபெற்றார். இவற்றுள் தலையாயது எது என வினவின் ஆளுக்கொன்று கூறுவர். ஆயினும், இவை அனைத்தினும் உயர்ந்த இடம் 1947 ஏப்ரல் 15ஆம் நாளுக்கே உரியது. வியப்பு யாதெனில், அந்நாளின் தலைவர் அன்று தம் அடியால் ஒருமுறையேனும் தளம் சேர்ந்தாரல்லர்.

அதன் பெருமையை உணர முன்வரலாறு சிறிது அறிதல் வேண்டும். 1884ஆம் ஆண்டில் பிளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பினத்தவர் டொலிடோ நகரக் குழுவில் ஆடினார். அதன்பின், குழுக்களின் உடைமையாளர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டால், அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பினத்தவர்க்குப் பெரிய குழுக்களின் வாயில் அடைபட்டது. அவ்வுடன்பாடு எந்த ஏட்டிலும் எழுதப்பட்டதன்று. எழுதிய சட்டமாயின் எடுத்துக்காட்டி வழக்காடலாம். எழுதாச் சட்டத்தை எம்மன்றில் வழக்காடுவது? ஆதலின் அவர்கள் தமக்கெனத் தனிக் குழுக்களை அமைத்தனர். 1920ஆம் ஆண்டில் ரூப் பாஸ்டர் அவற்றை ஒன்றுகூட்டிச் சங்கம் நிறுவினார். 'நீக்ரோ லீக்குகள்' என அந்நாளில் வழங்கிய அச்சங்கங்களில், பந்தெறிவதில் சாச்சல் பேஜும் அடிப்பதில் ஜாஷ் கிப்சனும் இணையற்று விளங்கினர்.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவ்வாயிலைத் திறக்கத் துணிந்தார். அறவுணர்ச்சியோடு, குழு வெல்ல வேண்டும் என்னும் ஆசையும் அவர்க்கு இருந்தது, அதனாற் குற்றமில்லை. 1945 ஆகஸ்டில் அவர் ஜாக்கி ராபின்சனை அழைத்துப் பேசினார். இழித்துரைப்பினும் அடிப்பினும் எதிர்த்துக் கையோங்கலாகாது என்பது அவர் விதித்த கட்டளை. ராபின்சன் இயல்பாகவே பணிந்து போகும் இயல்பினர் அல்லர். படைத்துறை அலுவலராயிருந்த காலத்தில், பேருந்தின் பின்புறம் செல்லுமாறு ஏவப்பட்டபோது மறுத்து, 1944ஆம் ஆண்டில் படைமன்ற விசாரணைக்கு உட்பட்டுக் குற்றமற்றவர் என விடுதலை பெற்றவர். அத்தகையவர் சினத்தை அடக்க ஒப்பினார் என்பதிலேதான் அச்செயலின் அருமை உள்ளது.

மான்றியால் குழுவில் ஓராண்டு ஆடியபின், குறித்த நாளில் 42 என்னும் எண் பொறித்த உடையணிந்து புரூக்ளின் ஆடுகளத்தில் முதல் தளத்தருகே வந்து நின்றார். மும்முறை அடித்தும் பயனில்லை. ஏழாம் சுற்றில் பந்தை மெல்லத் தட்டிவிட்டு விரைந்தோடினார். அதனை எடுத்தெறிந்தவர் குறி தவறினார். ராபின்சன் தளம் சேர்ந்து பின்னர் ஓர் ஓட்டமும் பெற்றார். புரூக்ளின் 5-3 என வென்றது. கணக்கேட்டில் காணப்படுவது இவ்வளவே. சில நாட்களில் பிலடெல்பியா குழுவினர், தம் மேலாளரே முன்னின்று தூண்ட, நாக்கூசும் சொற்களை அவர்மீது வீசினர். அவர் வாய் திறந்திலர். அவ்வாண்டின் சிறந்த புதிய ஆட்டக்காரர் என்னும் பரிசு அவரையே அடைந்தது.

"இது சமுதாய வரலாறு, ஆட்ட வரலாறு அன்று" என்பார் உளர். அது பொருந்தாது. ரூத்தின் 714 அடிகளும் சாச்சல் பேஜ் போன்றோர்க்கு இடமளியாத போட்டிகளில் எண்ணப்பட்டவை. இவ்வாறு கூறுதல் ரூத்தின் ஆற்றலைக் குறைப்பதாகாது. ஆயினும் எதிரிகளுள் ஒரு சாராரை வெளியே நிறுத்திவிட்டு எண்ணிய எண், முழு எண் ஆகுமா? 1974 ஏப்ரல் 8ஆம் நாள் ஹாங்க் ஆரன் 715ஆம் அடியை அடித்து ரூத்தைக் கடந்தார். அவரும் தனிக் குழு ஒன்றில் ஆடத் தொடங்கியவரே. 1947 இல்லையேல் 1974 ஏது? அப்போதும் அவர்க்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன என்பதையும் மறத்தலாகாது.

நீக்ரோ லீக்குகளையும் பெரிய சங்கங்களாக ஏற்பதென 2020 டிசம்பரில் முடிவாயிற்று. 2024 மே திங்களில் அவற்றின் கணக்கும் பொது ஏட்டில் சேர்ந்தது. ஆயிரத்திற்கு 367 என்னும் டை காபின் வாழ்நாள் சராசரி முதலிடம் இழந்தது. ஜாஷ் கிப்சனின் 372 அவ்விடம் பெற்றது. கிப்சன் ஆடிய ஆட்டங்கள் தொகையிற் குறைவு எனச் சிலர் முணுமுணுத்தனர். குறைவுதான், அவற்றைக் குறைத்தவர் யார்? கிப்சன் 1947 ஜனவரி 20ஆம் நாள் தம் 35ஆம் அகவையில் இறந்தார். ராபின்சன் புரூக்ளின் களத்தில் கால் வைத்தபோது அவர் மறைந்து மூன்று திங்களும் நிறையவில்லை.